பாசஞ்சருக்குக் காத்திருந்த மண்

மூன்றாம் அடுக்கு மறுபடியும் மேலே வந்து உட்கார்ந்திருந்தது. அதுவும் கமிட்டி வருகிற நாள் பார்த்து.

குழியின் வடக்கு ஓரத்தில், கயிறு கட்டிய இடத்தைத் தாண்டி, கல்யாண மண்டபத்து ஜமக்காளம் மாதிரி நீளமாக விரிந்திருந்தது. ஒரு சாண் தடிமன். பழுப்பு நிறம், நடுநடுவே கரித்தூள். ஒரு முனையை மட்டும் லேசாகத் தூக்கி வைத்திருந்தது. பழைய ஸ்டேஷன் இருந்த பக்கத்தைப் பார்க்கிற முனை அது.

"இருதயம், உன் அடுக்கு வெளிய வந்திருக்கு," என்றார் வேதவல்லி மேடம். கையில் டீ கிளாஸ். குழிக்கு அவர்தான் பொறுப்பு. 'உன்' என்பதை மட்டும் கொஞ்சம் அழுத்திச் சொன்னார்.

"பார்த்தேன் மேடம்."

"பார்த்தா ஆச்சா? உள்ள போட வேணாமா?"

இருதயம் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகவில்லை. நிலவியல் படித்துவிட்டு வருகிறவர்களுக்கு முதலில் கிடைப்பது இந்த வேலைதான். அடுக்குகளை அதனதன் இடத்தில் வைத்திருப்பது. ஆறு எந்தக் காலத்தில் எந்தப் பக்கம் ஓடியது என்று படம் போடுவது, வண்டலுக்கு வயசு சொல்வது, கோட்டு போட்டுக்கொண்டு மேடையில் பேசுவது எல்லாம் வேலை நிரந்தரமான பிறகு. அதுவரை குழியில் நிற்க வேண்டும். காலையில் வந்ததும் கைப்பம்பால் குழியின் சுவரில் தண்ணீர் தெளிக்க வேண்டும். ஈரம் பட்டால் நிறம் எழும்பும், அடுக்குகள் கண் விழிக்கும். பிறகு கீழேயிருந்து ஒவ்வொன்றாக எண் சொல்லிக் கூப்பிட வேண்டும். ஐந்து. நான்கு. மூன்று. இடத்தில் இருக்கிற அடுக்கு ஒரு பொட்டு மண் உதிர்க்கும். அதுதான் 'உள்ளேன் ஐயா'.

வெள்ளாறு ஜங்ஷனில் அடுக்குகள் ஐந்து. எல்லாவற்றுக்கும் கீழே கிடந்த ஐந்தாவதில் சாம்பலும் கறுப்பு சிவப்புப் பானை ஓடும் இருந்தன. அதற்குத் தெரிந்தவர் யாரும் மிச்சமில்லை. அதனால் அது எதையும் தேடாது, அசையாது. நான்காவது, ஆறு கரை புரண்ட காலத்து வண்டல். எப்போதும் தூக்கம்தான். மூன்றாவது ரயில்வே காலனி. இரண்டாவது, காலனியை புல்டோசர் விட்டு நிரவியபோது கிடந்த செங்கல் தூள். முதலாவது இன்றைக்கு இருக்கிற கார் நிறுத்தத்து ஜல்லி.

கீழே இருக்கிற இரண்டும் நவநீதன் பொறுப்பு. மேலே இருக்கிற மூன்றும் இருதயம் பொறுப்பு. சீட்டுக் குலுக்கிப் போட்டதில் அப்படி விழுந்தது. நவநீதன் நாமக்கல்காரன், இருதயத்தோடு சேர்ந்தவன். தலையில் எப்போதும் வெள்ளைத் தொப்பி. இருவரும் தற்காலிகம். நிரந்தர இடம் ஒன்றுதான் இருந்தது. யாருடைய அடுக்குகள் ஒழுங்காகக் கிடக்கின்றனவோ அவனுக்கு அந்த இடம் என்று கமிட்டி சொல்லியிருந்தது.

நவநீதன் காலையில் 'ஐந்து' என்பான், ஒரு பொட்டு உதிரும். 'நான்கு' என்பான், ஒரு பொட்டு உதிரும். அதோடு ஸ்டூலில் உட்கார்ந்து தொப்பியைச் சரிசெய்துகொள்வான்.

இருதயத்துக்கு அந்த இடம் வேண்டும். சம்பளத்துக்காக என்று ஊரில் நினைத்துக்கொண்டிருந்தார்கள். இல்லை. நிரந்தரமானால் குவார்ட்டர்ஸ் கொடுப்பார்கள், அதற்காக. அவனுடைய அப்பா சவரிமுத்து ரயில்வேயில் தண்டவாளம் மாற்றிவிடுகிற பாயிண்ட்ஸ்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். மஞ்சள் சுண்ணாம்பு அடித்த குவார்ட்டர்ஸில் வாழ்ந்துவிட்டு, இப்போது திருச்சிக்கு வெளியே ஒரு அடுக்குமாடியில் மூன்றாவது மாடியில் இருந்தார். போன் பண்ணும்போதெல்லாம் ஒரே கேள்விதான் கேட்பார். "குவார்ட்டர்ஸ் குடுப்பாங்களாடா?"

மூன்றாவது மாடியிலும் அவர் ஒரு வேலை வைத்திருந்தார். சாயங்காலம் பாசஞ்சர் வருகிற நேரத்துக்குப் பால்கனிக்குப் போய், கையில் பச்சைத் துண்டை நீட்டிப் பிடித்துக்கொண்டு நிற்பார். கொஞ்ச நேரம் கழித்து மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே வந்துவிடுவார். எதிர் பால்கனிக்காரர்கள் அந்த நேரத்தில் துணி காயப்போட மாட்டார்கள்.

இந்தத் தொழிலுக்கு வருகிற எவருக்கும் முதல் நாள் ஒரு விஷயம் சொல்வார்கள். மேலே கிடப்பது எதுவோ அதுதான் இன்று. அதற்குக் கீழே கிடப்பதெல்லாம் அன்று. மேலே வந்து சும்மா உட்கார்ந்திருக்கிற அடுக்கு கணக்கில்லை. அது உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் கமிட்டி பார்த்து, ஆணி அடித்து, எண் அட்டை மாட்டிவிட்டால் அது கிடக்கிறது என்று ஆகிவிடும். பிறகு யாரும் மாற்ற முடியாது. அதனால்தான் கமிட்டி வருவதற்குள் எல்லாம் இடத்தில் இருக்க வேண்டும் என்று மேடம் டீயைக்கூட நின்றுகொண்டே குடித்தார்.

தப்பு இருதயத்துடையதுதான். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

மண் களியா வண்டலா என்று விரலில் தேய்த்துப் பார்த்தால் பாதி தெரியும். மீதி தெரிய வேண்டுமானால் வாயில்தான் போட வேண்டும். ஒரு சிட்டிகையை முன்பற்களுக்கு நடுவில் வைத்து லேசாகக் கடித்தால், நறநறவென்றால் வண்டல், வழுக்கினால் களி. உலகம் முழுக்க இந்தத் தொழில்காரர்கள் செய்வதுதான். ஆனால் அதற்கு ஒரு வரம்பு உண்டு. ஆள் செத்துப்போன மண்ணைத்தான் வாயில் போடலாம். ஆள் இருக்கிற மண்ணைப் போடக் கூடாது. மண் வாயை அடையாளம் வைத்துக்கொள்ளும்.

இருதயத்துக்குப் பொறுமை கிடையாது. தேய்த்துத் தேய்த்துப் பார்த்தான், தெரியவில்லை. மூன்றாவதிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டுவிட்டான்.

முதலில் நறநறத்தது. வண்டல்தான், துப்பியிருக்கலாம். துப்புவதற்குள் குழாயடித் துரு நாக்கில் பட்டது. அப்புறம் சேமியா ஐஸ். அப்புறம் பம்பரத்து ஆணி. டேப் சுற்றிய பந்தைப் பல்லால் கடித்துப் பிரித்தபோது வந்த ரப்பர். மழைக்கு ஊறின மஞ்சள் சுண்ணாம்பு. கடைசியாக, காய்ச்சலில் படுத்திருந்தபோது ஜன்னல் கம்பியை நக்கிப் பார்த்த ருசி. அந்த ஜன்னலிலிருந்து பார்த்தால் மீட்டர் கேஜ் தண்டவாளம் தெரியும். மீட்டர் கேஜ் வண்டி சின்ன வண்டி. அதன் ஜன்னலில் உட்கார்ந்திருக்கிறவர்களின் முகம்கூடத் தெரியும். காலனிப் பிள்ளைகள் எல்லோரும் கை காட்டுவார்கள். யாராவது ஒருவர் திரும்பக் காட்டாமல் போக மாட்டார்.

அவன் விழுங்கிவிட்டான்.

மறுநாள் காலையில் 'மூன்று' என்று கூப்பிட்டபோது ஒரு பொட்டு மண் உதிரவில்லை. கை நிறைய உதிர்ந்தது. அதோடு ஒரு கோலிக்குண்டும் விழுந்தது, உள்ளே நீலக் கீற்று ஓடுகிற கோலி. அன்றைக்குச் சாயங்காலமே அடுக்கு முதன்முறையாக மேலே வந்தது. பாசஞ்சர் நேரம் தாண்டுகிற வரை உட்கார்ந்திருந்தது. வண்டி வராததால் தானே இறங்கிப் போய்ப் படுத்துக்கொண்டது. அப்புறம் தினமும் அதே கதைதான். சாயங்காலம் வருவது போய் மத்தியானமே வர ஆரம்பித்தது. இன்றைக்குக் காலையிலேயே வந்துவிட்டது.

"வயசானவங்க மாதிரி, வண்டிக்கு முன்னாடியே கெளம்பி வந்துருது," என்றாள் சம்பூரணம் அக்கா. குழியில் மண் கூடை சுமக்கிறவர்களுக்கு அவள்தான் தலைவி. அதற்கு முன்னால் இதே ஜங்ஷனில் பிளாட்பாரத்தில் வெள்ளரிப்பிஞ்சு விற்றவள். கூடை அதே கூடைதான். சரக்குதான் மாறியது.

"அக்கா, அது மேல கொஞ்சம் உக்காருங்களேன். கனத்துக்காவது இறங்குதா பார்க்கலாம்."

"நானா? கனத்துக்கா? ஏன் தம்பி, உங்க மேடம்கிட்ட இதைச் சொல்லுவீங்களா?"

ஆனாலும் உட்கார்ந்தாள். அடுக்கு நெளிந்தது. அக்கா சட்டென்று எழுந்துவிட்டாள்.

"கூச்சப்படுது தம்பி. பொம்பளப் புள்ளைங்க நெறைய இருந்த காலனி போல."

ஈரச் சாக்கு போட்டுப் பார்த்தார்கள். அது சாக்கைப் போர்த்திக்கொண்டு வசதியாக உட்கார்ந்தது. செங்கல் அடுக்கினார்கள். செங்கல்களைத் தூரம் தூரமாக நகர்த்தி, கிரிக்கெட்டுக்கு ஸ்டம்ப் மாதிரி வைத்துக்கொண்டது. கடைசியில் நாலு பேர் சேர்ந்து பாய் மாதிரி சுருட்டி, கயிறு கட்டிக் குழிக்குள் இறக்கினார்கள். இறங்கியது. கயிற்றை அவிழ்த்து மேலே ஏறி வந்து பார்த்தால் தெற்கு ஓரத்தில் உட்கார்ந்திருந்தது.

ஸ்டூலில் இருந்த நவநீதன் சிரித்தான். "என்ன ப்ரோ, எஸ்கேப்பா?"

"உங்க அடுக்கு ரெண்டும் நல்லாப் படிக்கிற புள்ளைங்க தம்பி," என்றாள் சம்பூரணம் அக்கா அவனைப் பார்த்து. "உக்காருன்னா உக்காரும், படுன்னா படுக்கும். எங்களுது ரயில்வே காலனி. அப்படித்தான் இருக்கும். நீங்க போயி தொப்பிக்குத் தண்ணி தெளிங்க."

மத்தியானம் இருதயம் சாப்பிடவில்லை. ஜல்லியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். அடுக்கு மெதுவாக நகர்ந்து பக்கத்தில் வந்தது. அதன் ஓரத்தில் ஒரு சோடா மூடி, புளியங்கொட்டை, சிலேட்டு உடைசல், மஞ்சள் சுண்ணாம்புச் செதில். வெயில் பட்டதும் அதிலிருந்து மழை வருகிற மாதிரி ஒரு வாசனை வந்தது. காலனியில் மழைக்கு முன்னால் எல்லா வீட்டு வாசலிலிருந்தும் ஒரே நேரத்தில் அம்மாக்கள் பிள்ளைகளைப் பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள். யார் யாரைக் கூப்பிடுகிறார்கள் என்றே புரியாது. எல்லோரும் எல்லா வீட்டுக்கும் ஓடுவார்கள்.

வேதவல்லி மேடம் வந்து நின்றார். பின்னால் ஒருவன் சல்லடையைத் தூக்கிக்கொண்டு வந்து கீழே வைத்தான். கட்டில் அகலத்துக்குப் பெரிய சல்லடை.

இருதயம் அதைப் பார்த்தான். அடுக்கும் பார்த்தது. தூக்கி வைத்திருந்த முனையைக் கொஞ்சம் இறக்கியது.

இறங்காத அடுக்கைச் சலித்துவிடுவார்கள். விதி அப்படித்தான். சல்லடையில் போட்டு ஆட்டினால் மண் ஒரு பக்கம் போய்விடும். கோலி ஒரு பையில், சோடா மூடி ஒரு பையில், சிலேட்டு ஒரு பையில். எல்லாப் பைக்கும் சீட்டு ஒட்டுவார்கள். எதுவும் தொலையாது. ஆனால் அடுக்கு என்று ஒன்று அப்புறம் இருக்காது.

"சலிக்க வேணாம் மேடம்."

"எனக்கு மட்டும் ஆசையா? அதுக்கு ஒரே வழிதான் இருக்கு. அதுகிட்ட சொல்லிடு."

"என்னன்னு?"

"வண்டி வராதுன்னு சொல்லிடு. கத்த வேணாம். பக்கத்துல உக்காந்து சாதாரணமா சொல்லு, கேட்டுக்கும். அது உன்னத்தான் நம்புது. நாங்க சொன்னா கேக்காது. கேட்டுட்டா எறங்கிடும். அப்புறம் ஏறவே ஏறாது."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

மேடம் டீ கிளாஸைப் பார்த்தார். "எனக்கும் முதல் வேலைன்னு ஒண்ணு இருந்ததுப்பா. கும்பகோணம் பக்கம். தோண்டினா எங்க வீட்டுக் கொல்லை. வெந்நீர் அடுப்பு இருந்த இடம். நானும் உன்ன மாதிரிதான், வாயில போட்டுட்டேன். அது ஏறி வந்து உக்காந்துண்டு, அடுப்புப் பத்த வைக்க யாராவது வருவாங்கன்னு பார்த்துண்டே இருந்தது. யாரும் வர மாட்டாங்கன்னு சொன்னேன். படுத்துடுத்து."

"அப்புறம்?"

"அப்புறம் எனக்கு வேலை நிரந்தரமாச்சு. போன வருஷம் அந்தப் பக்கம் போனப்போ காலால தட்டிப் பார்த்தேன். எழுந்திருக்கல."

காலி கிளாஸிலிருந்து ஒரு வாய் குடித்தார். "சாயங்காலத்துக்குள்ள சொல்லிடு," என்று போய்விட்டார்.

இருதயம் அப்பாவுக்குப் போன் பண்ணினான். அம்மா எடுத்தாள்.

"உங்கப்பா இப்பத்தான் துண்டைத் தொவச்சுக் காயப் போட்டிருக்காரு. சாயங்காலத்துக்குக் காயணுமாம். பேசுறியா?"

அப்பா வந்தார். "குவார்ட்டர்ஸ் குடுத்துட்டாங்களா?"

"இல்லப்பா. இங்க மூணாவது அடுக்கு மேல வந்திருக்கு."

"அதுலதான நம்ம வீடு?"

"ஆமாப்பா."

"கொழாய் மூடியிருக்கா பாரு. உங்கம்மா எப்பவும் தொறந்து போட்டுருவா."

தூரத்திலிருந்து அம்மா ஏதோ திட்டினாள். இருதயம் அடுக்கின் நடுப்பக்கம் எட்டிப் பார்த்தான். "மூடியிருக்குப்பா."

"அப்ப சரி."

"அப்பா, சாயங்காலம் கமிட்டி வருது. வண்டி வராதுன்னு அதுகிட்ட சொல்லச் சொல்றாங்க. சொன்னா அது எறங்கிடும். எனக்கு வேலையும் கெடைக்கும், குவார்ட்டர்ஸும் கெடைக்கும். சொல்லலைன்னா சலிச்சிருவாங்க."

அப்பா தன்னுடைய பழைய குரலில், டியூட்டிக் குரலில் கேட்டார்.

"எந்த வண்டி?"

"சாயங்கால பாசஞ்சர்தான்."

"அது ரத்துன்னு யார் சொன்னா?"

"யார் சொல்லணும்? மீட்டர் கேஜையே எடுத்துட்டாங்களேப்பா."

"தண்டவாளத்தை எடுத்தாங்க. நான்தான் பக்கத்துல நின்னேனே. வண்டிய ரத்து பண்ணலியே. ரத்துன்னா கன்ட்ரோல்ல இருந்து போன் வரணும். ஸ்டேஷன் மாஸ்டர் எடுத்துக் கேட்டு எங்கிட்ட சொல்லணும். எனக்கு யாரும் சொல்லல. கன்ட்ரோல் சொல்ற வரைக்கும் எந்த வண்டியும் வராதுன்னு ஒரு பாயிண்ட்ஸ்மேன் சொல்லக் கூடாது. பாயிண்ட்ஸ்மேன் மவனும் சொல்லக் கூடாது."

"அப்ப அந்த வண்டி?"

"லேட்டு," என்றார் அப்பா. "வைக்கிறேன். துண்டு காஞ்சிருச்சா பாக்கணும்."

சாயங்காலம் கமிட்டி வந்தது. ஜீப்பில் மூன்று பேர். ஒருவர் பார்க்கிறவர், ஒருவர் அட்டை வைத்திருக்கிறவர், ஒருவர் சுத்தியல் வைத்திருக்கிறவர். பேர் கேட்டு வைத்துக்கொண்டு ஒன்றும் ஆகப்போவதில்லை.

குழியின் அடியிலிருந்து ஆரம்பித்தார்கள். ஐந்தாவது கிடந்தது. அட்டை, ஆணி, நாலு அடி. நான்காவது கிடந்தது. அட்டை, ஆணி, நாலு அடி. பார்க்கிறவர் நவநீதனின் தோளைத் தட்டினார். நவநீதன் தொப்பியைக் கழற்றி ஸ்டூலில் வைத்துவிட்டு நேராக நின்றான். அவன் முகத்தில் அப்போதே குவார்ட்டர்ஸ் தெரிந்தது.

நான்காவதுக்கு மேலே மூன்றாவது இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சாண் இடைவெளி. அதன் வழியாக அந்தப் பக்கத்து வெளிச்சம் வந்தது.

"இது எங்கே?" என்றார் பார்க்கிறவர்.

"மேல உக்காந்திருக்கு சார்," என்றார் மேடம். "எங்க பையன் ஒரு வார்த்தை சொன்னா எறங்கிடும். இல்லைன்னா சல்லடை ரெடி."

எல்லோரும் மேலே ஏறி வந்தார்கள். சல்லடைக்காரன் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டான். சம்பூரணம் அக்கா கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு தள்ளி நின்றாள். வெயில் சாய்ந்து, பாசஞ்சர் நேரத்து நிறத்துக்கு வந்திருந்தது. அந்த நிறம் வந்துவிட்டால் காலனியில் யாரும் வீட்டுக்குள் இருக்க மாட்டார்கள். முற்றத்தில் உலர்த்திய வடகத்தை எடுக்கிறவர்கள் எடுப்பார்கள், தலை வாருகிறவர்கள் சீப்போடு வெளியே வருவார்கள். ஒரு தண்டவாளத் துண்டைத் தொங்கவிட்டிருப்பார்கள், அதில் மணி அடிக்கும். அது அடித்தால் எதிர் வீட்டு ஜோசப்பின் அக்கா அடுப்பிலிருந்து பாலை இறக்கி வைத்துவிட்டு வந்து நிற்பாள். யாரையும் ஏற்றிவிடப் போவதில்லை, யாரும் வரப்போவதும் இல்லை. வண்டி வருகிறது, அதனால் போய் நின்றார்கள்.

இருதயம் அடுக்கின் பக்கத்தில் உட்கார்ந்தான். அது முனையை அவன் ஷூவின் மேல் வைத்தது.

"சொல்லுப்பா," என்றார் மேடம். குரல் அதட்டலாக இல்லை.

இருதயம் நவநீதனைப் பார்த்தான், சல்லடையைப் பார்த்தான். ஒரு குவார்ட்டர்ஸ், இரண்டு அறை, பின்பக்கம் துணி துவைக்கிற கல். அப்பா அதில் உட்கார்ந்து காலைக் கழுவுவார். எல்லாம் ஒரு வாக்கியத்தில் இருந்தது.

"வண்டி லேட்டு," என்றான். "வந்துகிட்டிருக்கு."

மூன்றாம் அடுக்கு இதைக் கேட்டுப் பழகியது. லேட் என்றால் என்ன செய்ய வேண்டும் என்று அதற்குத் தெரியும். தூக்கி வைத்திருந்த முனையை இறக்கியது. நாலு பக்கமும் ஒருமுறை உதறி விரிந்தது. ஜல்லியின் மேல், கார் நிறுத்தத்தின் மேல், ஜீப்பின் டயர் வரைக்கும் பரவி, பிளாட்பாரத்தில் துண்டு விரித்துப் படுக்கிற ஆள் மாதிரி நிம்மதியாகப் படுத்துக்கொண்டது.

சல்லடைக்காரன் மேடத்தைப் பார்த்தான். மேடம் கமிட்டியைப் பார்த்தார். படுத்துவிட்ட அடுக்கைச் சலிக்க விதியில் இடமில்லை.

பார்க்கிறவர் குனிந்து பார்த்தார். "கிடக்குதே."

"கிடக்கு சார். ஆனா அது மூணாவது," என்றான் நவநீதன்.

"மேல கிடக்கிறது எப்படித் தம்பி மூணாவதாகும்? மேல கிடக்கிறது ஒண்ணாவது. உனக்கு முதல் நாள் யாரும் சொல்லித் தரலையா?"

அட்டைக்காரர் 'ஒன்று' என்று எழுதிய அட்டையை எடுத்து வைத்தார். சுத்தியல்காரர் ஆணியை நிறுத்தினார்.

முதல் அடியில் கார்கள் காணாமல் போயின. இரண்டாவது அடியில் வேப்பமரம் குட்டையாகி, அதன் நிழல் குழாயடி வரை வந்தது. மூன்றாவது அடியில் மஞ்சள் சுண்ணாம்பு வரிசை வரிசையாக எழுந்து நின்று, ஜன்னல் வைத்துக்கொண்டது. நாலாவது அடிக்கு ஆணி தலை வரைக்கும் இறங்கியது.

காலனி இருந்த அந்த வருஷம் நவநீதன் நாமக்கல்லில் இரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தான். அதனால் அவன் அங்கே இல்லை. ஸ்டூலில் தொப்பி மட்டும் இருந்தது. பார்க்கிறவருக்கு நெற்றிக்கு மேலே முடி வந்திருந்தது. அதைக் கையால் ஒதுக்கிக்கொண்டு, அடுத்த குழி எந்த ஊரில் என்று சுத்தியல்காரரிடம் கேட்டார். வேதவல்லி மேடம் டீ கிளாஸைக் குழாயடியில் கழுவிக் கவிழ்த்து வைத்தார். குழாயைச் சரியாக மூடினார்.

"இந்த ஆபீஸை இன்னும் ஆரம்பிக்கவே இல்ல," என்றார். "நான் இந்த வண்டியிலயே கும்பகோணம் பக்கம் போயிடறேன். இன்னொரு தடவை தட்டிப் பார்க்கணும்."

"டிக்கெட் எடுத்தீங்களா?" என்றாள் சம்பூரணம் அக்கா. அவள் கூடையில் வெள்ளரிப்பிஞ்சு இருந்தது. மேலாக ஈரத்துணி போட்டிருந்தாள். "சின்ன கவுண்டர், கூட்டமா இருக்கும். நீங்க போங்க, நான் எடம் போட்டு வைக்கிறேன்."

இருதயத்தின் கழுத்தில் இருந்த அடையாள அட்டை முழங்காலுக்குக் கீழே தொங்கியது. ஷூ இரண்டும் படகு மாதிரி இருந்தன. அவன் அவற்றிலிருந்து காலை வெளியே எடுத்தான். மண் சுட்டது. கையில் இருந்த, மண் சுரண்டுகிற கரணை கனத்ததால் அதைக் கீழே வைத்துவிட்டு, டவுசர் பையைத் தொட்டுப் பார்த்தான். கோலி இருந்தது.

தண்டவாளத் துண்டில் மணி அடித்தது. வீடுகளிலிருந்து சீப்போடும் கரண்டியோடும் ஆட்கள் வெளியே வந்தார்கள். ஜோசப்பின் அக்கா பாலை இறக்கி வைத்திருப்பாள் போல, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

பாயிண்ட் லீவரின் பக்கத்தில் சவரிமுத்து நின்றிருந்தார். மீசை கறுப்பு. காக்கிச் சட்டையின் மேல் பட்டன் திறந்திருந்தது. லீவரை ஒரே இழுப்பில் இழுத்துப் பூட்டினார். பச்சைக்கொடியை உதறி விரித்தார். அது ஓரத்தில் இன்னும் கொஞ்சம் ஈரமாக இருந்தது.

திரும்பினார். மகன் தண்டவாளத்தின் பக்கத்தில் வெறுங்காலோடு நிற்பதைப் பார்த்தார்.

"டேய் இருதயம், அங்க நிக்காத. வண்டி வருது, வீட்டுக்கு ஓடு."

அவன் ஓடவில்லை. கை காட்டுவதற்காகக் கையைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றான்.